தனி அடுப்பு

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் பிரிந்துவிட்டது என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. ‘அவர்கள் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள்’ என்பார்கள். நிலமும் வீடும் பத்திரத்தில் பிரிவதற்கு முன்பே அடுப்பு பிரிந்துவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு இருக்கும் வரையறையும் ஏறத்தாழ இதுவே: சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடும்பம். தனிக் குடும்ப அட்டை கேட்டுப் போனாலும் தனிச் சமையல் உண்டா என்று பார்க்கிறார்கள். அரசாங்கமும் ஊராரும் ஒத்துப்போகிற வெகுசில விஷயங்களில் இது ஒன்று.

எங்கள் வீட்டில் அடுப்பு பிரிந்தது 2011இல். உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தை நம்பி நெல் வைக்கிற ஒரு சிற்றூர் அது. நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்தில் குடியிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறோம். ஒருவர் தமிழ், மற்றவர் வேதியியல். விடுமுறை நாள்களில்தான் ஊர். அங்கேயே இருந்து பயிர் பார்த்தவர் தம்பி. பிரிவினை கேட்டதும் அவர்தான், கேட்பதற்கு நியாயம் இருந்தவரும் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. கூடமும் திண்ணையும் பூசை மாடமும் மூத்தவர் பக்கம். பின்கட்டும் கிணறும் பழைய சமையலறையும் தம்பி பக்கம். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு வைத்தே ஆகவேண்டும் என்று அம்மா (எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, இருவருக்கும் பழக்கத்தில் அம்மாதான்) பிடிவாதம் பிடித்தார். காரணம் பாசம் என்று எல்லோரும் நினைத்தோம். அவருடைய அடுப்பு அந்தப் பக்கம் போய்விட்டது என்பதே உண்மையான காரணம்.

அது ஒரு கொடியடுப்பு. இன்று வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் கொடியில் காய்க்கும் ஏதோ ஒன்று என்று நினைக்கிறார்கள், ஆகவே சற்று விளக்க வேண்டியிருக்கிறது. மண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து எழுப்பிய அடுப்பு. விறகு வைக்கும் பெரிய வாய் ஒன்று. அதன் பக்கத்தில், தனக்கென்று விறகு வாய் இல்லாத சிறு குழி ஒன்று. இரண்டுக்கும் இடையில் உள்ளே ஒரு துளை. பெரிய அடுப்பில் எரியும் தீயின் நாக்கும் அனலும் அந்தத் துளை வழியே போய்ச் சிறு குழியின் மேலிருக்கும் பாத்திரத்தைத் தொடும். அந்தச் சிறு குழிதான் கொடி. பாத்திரம் அழுந்தி உட்கார்ந்து தீயை அணைத்துவிடாமல் இருக்க விளிம்பில் மூன்று குமிழ்கள். ஆக, ஒரு விறகுச் செலவில் ஒன்றரை அடுப்பு.

இந்த ஒன்றரை அடுப்பில் அம்மா மாட்டுப் பொங்கலன்று இருபத்தைந்து பேருக்குச் சமைப்பார். எங்கள் வகையறாவில் முன்னோர்க்குப் படையல் போடுவது அன்றுதான். செய்யாற்றிலிருந்து அக்கா குடும்பம், மதுராந்தகத்திலிருந்து தங்கை குடும்பம், சித்தப்பா வழி, என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். பெரிய அடுப்பில் உலை கொதிக்கும்போது கொடியில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருக்கும். சோறு வடித்து இறக்கியதும் பருப்பு பெரிய அடுப்புக்கு இடம் மாறிச் சாம்பாராகும். கொடிக்குப் பால் வரும். கொடியில் வைத்தது எதுவும் தளதளவென்று கொதிக்காது, ஆகையால் அடிப்பிடிக்காது. பாயசத்தைக் கிளறாமல் அதன் போக்கில் விட்டுவிடலாம். முன்வாயில் சரிந்து விழும் தணலை இழுத்துப் பரப்பி அதன்மேல் பொரியல் சட்டியை வைத்துச் சூடு காப்பார். சாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குழந்தைகளுக்காக வெந்துகொண்டிருக்கும். ஓர் அடுப்பில் நான்கு விதமான சூடு இருந்தது என்பதும், எந்தப் பண்டத்துக்கு எந்தச் சூடு என்பதை அவர் நாற்பது ஆண்டுகளில் தானே வகுத்துக்கொண்டிருந்தார் என்பதும் எங்களுக்கு உறைக்க மிகவும் தாமதமாயிற்று.

சுவர் எழுந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. சமையல் தம்பி பக்கத்து அடுப்பில். படையல் எங்கள் பக்கத்துக் கூடத்தில். கதவு வழியே சட்டிகள் வரும். அம்மாவுக்கு இது முரணாகப் படவில்லை. ஆண்டு முழுக்கப் பேசாமல் இருந்தவர்களும் அன்று ஒரு நாள், சாம்பார் வாளியைக் கைமாற்றும் அளவுக்காவது பேசியாக வேண்டியிருந்தது.

அம்மா 2023 புரட்டாசியில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் மருத்துவச் செலவுக் கணக்கும் அதற்கு முந்தைய இரண்டு போக நெல் கணக்கும் பேச்சில் வந்தன. வந்திருக்கக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு விஷயத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுப் பாரம்பரியம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன, குடவோலை முறைக்காக எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்பதோடு அவை நிற்பதில்லை. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது என்று வரிசையாகச் சொல்கின்றன. வகுப்பில் இதை வியந்து பாராட்டிப் பேசியிருக்கிறோம். அன்று மாலை அந்த வரிசையில் நாங்களும் நின்றோம். யார் கணக்குக் காட்டவேண்டியவர் என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. சுவர்க் கதவு தாழிடப்பட்டது. முதலில் தாழிட்டவர் யார் என்பதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கதைகள் உண்டு.

சாவு விழுந்த ஆண்டில் பொங்கல் இல்லை. ஆகவே 2025ஆம் ஆண்டுத் தைதான் அம்மா இல்லாத முதல் பொங்கல். மாட்டுப் பொங்கல் சனவரி 15, புதன்கிழமை. வழக்கப்படி மூத்தவர் வீட்டில் படையல் என்று நாங்கள் சொல்லி அனுப்பினோம். ‘அவங்கவங்க வீட்ல அவங்கவங்க போட்டுக்கலாம்’ என்று பதில் வந்தது. ஓர் அம்மாவுக்கு, பத்தடி இடைவெளியில், இரண்டு படையல்கள். இதில் சாத்திரப்படி தவறு ஏதும் இல்லை என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

எங்கள் பக்கச் சமையலறை என்பது திண்ணையை ஒட்டி நாங்கள் தடுத்துக்கொண்ட ஓர் அறை. கருங்கல் பலகை மேடை. அதன்மேல், 2006இல் அமைந்த அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கிய காலத்தில் நாங்கள் விலைக்கு வாங்கிய இரட்டை அடுப்பு. இருவருக்கும் தேநீர் போடப் போதுமானது. அதில் இருபத்து மூன்று பேருக்கு நண்பகலுக்குள் சமைத்தாக வேண்டும். புதன்கிழமை இராகு காலம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. அதற்குள் இலை போட்டுத் தீபம் காட்டிவிட வேண்டும். அந்த எல்லையை வைத்தது பஞ்சாங்கம், கெஞ்சிப் பயனில்லை.

வேதியியல் படித்தவர் ஒரு தாளில் கட்டம் போட்டார். குறுக்கே நேரம், நெடுக்கே இரண்டு அடுப்புகள். விளையாட்டாகத் தொடங்கிய அந்தத் தாள் எங்களுக்குச் சில உண்மைகளைக் காட்டிக்கொடுத்தது. புளிக்குழம்பு ஆற ஆறத்தான் ருசி கூடும், ஆகவே மொச்சை கத்தரிக்காய்க் குழம்பை முதலில் வைத்து இறக்கிவிடலாம். பூசணியும் அவரையும் கிழங்கும் சேர்ந்த கூட்டு கெட்டியானது. மூடிவைத்தால் இரண்டு மணி நேரம் சூடு தாங்கும். பொரியல் தாங்காது. பரந்த பாத்திரத்தில் இருப்பது சீக்கிரம் ஆறிவிடும். இரசத்துக்குத் தனி அடுப்பு நேரம் தேவையில்லை. பருப்பு வெந்த தண்ணீரே சூடாக இருக்கும், நுரை கட்டும் வரை வைத்தால் போதும். வடை மட்டும் எதற்கும் இணங்காத பண்டம். அது கடைசியில்தான் வரவேண்டும், வந்தால் ஓர் அடுப்பை முக்கால் மணி நேரம் விடாமல் பிடித்துக்கொள்ளும். மாவு அரைத்து நெடுநேரம் வைத்தாலோ உப்பை முன்னாலேயே போட்டாலோ நீர்த்துப்போய் எண்ணெய் குடிக்கும்.

ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆவியில் வேகவைத்தால் என்ன என்று தங்கை கேட்டார். காஞ்சிபுரத்துக்காரர்களாகிய எங்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். வரதராசப் பெருமாள் கோயில் இட்டிலியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து ஒரே கொப்பரையில் மணிக்கணக்கில் அவிக்கிறார்கள். ஒரு தீ, பலருக்குப் பண்டம். இட்டிலிப் பானையின் அடித்தட்டில் வாழைக்காய், நடுத்தட்டில் சேப்பங்கிழங்கு, மேல்தட்டில் பொரியலுக்கான அவரை என்று அடுக்கினோம். தாளில் முக்கால் மணி நேரம் மிச்சமாயிற்று.

சோற்றை வாசலில் மூன்று செங்கல் வைத்து விறகில் ஆக்குவது என்று முடிவு. மூன்றரைக் கிலோ அரிசிக்கான அண்டா அந்த எரிவாயு அடுப்பின் மேல் உட்காரவே உட்காராது. யார் எதைப் பார்ப்பது என்பதற்கு அக்கா பிள்ளைகள் சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். வயது வரம்பு முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் அறிவித்து, தன்னை விலக்கிக்கொண்டாள். (919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அது முப்பதிலிருந்து அறுபது, 921இல்தான் மாற்றினார்கள் என்று எங்களில் ஒருவர் திருத்தியதை யாரும் பொருட்படுத்தவில்லை.) வடைச் சீட்டு எங்களுக்கே விழுந்தது.

விடியற்காலை நாலரைக்குத் தொடங்கினோம். தை மாதப் பனியில் வாசலில் கிடந்த வேலிகாத்தான் விறகு நனைந்திருந்தது. எரியாமல் புகைந்தது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டும் இளம் மனைவியின் கண்ணில் தாளிப்புப் புகை படியும் காட்சியை எத்தனையோ ஆண்டுகள் நயம்படச் சொல்லியிருக்கிறோம். அவள் சமைத்தது ஒருவனுக்கு, ஒரு குழம்பு. அடுத்த முறை அந்தப் பாடலை நடத்தும்போது சற்றே அடக்கி வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். எட்டு மணிக்குத்தான் உலை கொதித்தது.

இருந்தாலும் பத்தே கால் வரை தாள் எங்களைக் கைவிடவில்லை. குழம்பும் கூட்டும் சாம்பாரும் இறங்கிவிட்டன. படையலுக்கு முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால் உப்பும் புளியும் கண்ணளவும் மூக்களவும்தான். இரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தபோது தீ நீலத்திலிருந்து மஞ்சளாகிச் சிறுத்து, இரண்டு முறை துடித்து, அணைந்தது.

உருளையை ஆட்டிப் பார்த்தோம், படுக்கவைத்துப் பார்த்தோம். பதினான்கு கிலோ இருநூறு கிராம் எரிவாயு பிடிக்கும் அந்த உருளை, ஆண்டு முழுவதும் விடுமுறைத் தேநீருக்காகவே இருந்ததால், எங்கள் மனத்தில் எப்போதும் நிறைந்தே இருந்தது. மாற்று உருளை ஊரில் இல்லை. விடுமுறைக்கு முன் பதிவு செய்தது வந்து சேரவில்லை. வாசல் விறகில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றலாம் என்றால் அந்தப் புகைகிற தீயில் எண்ணெய் காய்வதற்குள் இராகு காலமே முடிந்துவிடும். ஒரு கிலோ உளுந்து அரைத்து வைத்திருந்தது. வடையில்லாமல் படையலா என்று அக்கா கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அங்கே நின்றது. அம்மாவுக்கு வடை என்றால் உயிர் என்பதெல்லாம் இல்லை. பல் போனபிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. தன் மாமியார் படையலுக்குக் கடைசி வரை தன் கையால் தட்டினார், அவ்வளவுதான்.

புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய் நிற்கும்போது, சமைப்பதையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதைச் சொல்கிறார். வறுமையைச் சொல்வதற்கு அடுப்பைக் காட்டினால் போதும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அடுப்பின் மேல் பண்டங்கள் நிறைந்திருந்தன. இருந்தும் எங்கோ போய் நின்றுதான் ஆகவேண்டும், போவதற்குப் பத்தடித் தொலைவில் ஓர் இடம்தான் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சுவருக்கு மேலே காலையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் அடுப்பை அவர்கள் இடிக்கவில்லை; குளிக்க வெந்நீர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

கதவைத் திறக்கப் பார்த்தோம். ஒன்றேகால் ஆண்டுத் துருவில் எங்கள் பக்கத் தாழ்ப்பாள் அசையவில்லை. எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே ஒருவர் மாவுக் குண்டானும் மற்றவர் எண்ணெய்த் தூக்குமாகத் தெருவில் இறங்கி, நாலு வீட்டுத் திண்ணை பார்க்க, சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுப் பின்கட்டுக்குப் போனோம். கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர் வடை மாவோடு போனது அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்திருந்தது.

தம்பி கயிற்றுக் கட்டிலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அவர் மனைவி எங்களையும் குண்டானையும் பார்த்தார். “சட்டி எடுத்தாந்தீங்களாக்கா?” என்றார். நாங்கள் சட்டியை மறந்துவிட்டிருந்தோம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், அடுப்பின் மேலிருந்த வெந்நீர்த் தவலையைத் துணியால் பிடித்து இறக்கிவிட்டு, தம் இருப்புச் சட்டியை வைத்தார். “எண்ணெய ஊத்துங்க மாமா, நேரமாவுது.”

அடுப்பு அப்படியே இருந்தது. அப்படியே என்றால், விளிம்பு இரண்டு இடத்தில் உடைந்து மறுபடி பூசியிருந்தது. அன்று காலை மெழுகியிருந்தது. குமிழ்களில் ஒன்று புதிது. கொடியின் மேல் ஒரு பித்தளைப் பானை, வாய் மூடி. “பாயசம். அத்தை அதுலதான வைப்பாங்க” என்றார் தம்பி மனைவி. அவர் வீட்டுச் சமையல் மேடையில் எரிவாயு அடுப்பு இருந்தது, அதில் மொச்சை கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். எங்கள் குழம்பைவிட அவர் குழம்பு அம்மாவுடையதற்கு நெருக்கமாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவோடு நின்றவர் அவர்தான், நாங்கள் அல்ல.

தீ தணிந்தபோது, விறகு கேட்க நாங்கள் வாய் திறப்பதற்குள், காய்ந்த சவுக்குச் சிராய் ஒரு கட்டு எங்கள் பின்னால் வந்து விழுந்தது. திரும்பினோம், தம்பி மறுபடி நாளிதழில் இருந்தார். ஒருவர் தட்ட, ஒருவர் திருப்ப, தம்பி மனைவி தீயைத் தள்ளிக் கொடுக்க, எழுபது வடைகள் பதினொன்று நாற்பதுக்கு முடிந்தன. அவர் எங்களைக் கேட்காமல் ஒரு முறத்தில் வாழை இலை விரித்துத் தம் வீட்டுக்குப் பதினைந்து எடுத்து வைத்துக்கொண்டார். அவர் அப்படிக் கேட்காமல் எடுத்தது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

படையல் இரண்டுதான். எங்கள் கூடத்தில் அம்மாவின் படத்துக்கு முன் புதுப்புடவையும் வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பாவும் வைத்து, பதினொன்று ஐம்பத்து இரண்டுக்குத் தீபம் காட்டினோம். சுவருக்கு அப்பால் அவர்கள் மணியடிப்பது கேட்டது. காக்கைக்குச் சோறு வைக்க நாங்கள் எங்கள் பக்க மதிலுக்குப் போனபோது தம்பி அவர் பக்க மதிலருகே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவை ஒரே கூட்டம்தான். முதலில் அங்கே உட்கார்ந்தன, பிறகு இங்கே.

இலையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வடையில் உப்பு இல்லை. கடைசி நேரத்தில் போட வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தோம். கடைசி நேரம் தெருவில் கழிந்துவிட்டது. ஒருவர் போட்டிருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டோம். இருபத்து மூன்று பேரும் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா மட்டும் ஊறுகாய் கேட்டார்.

பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் தம்பியின் மகன், எட்டு வயது, தெரு வழியாக ஓடிவந்து கூடத்து வாசலில் நின்றான்.

“பெரியம்மா, வடையில உப்பே இல்லன்னு அப்பா சொல்லச் சொன்னாரு.”

ஒன்றேகால் ஆண்டில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் செய்தி. என்ன பதில் சொல்லி அனுப்புவது என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கையில், பையன் இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காணும் பொங்கல். புறப்படும் முன் இருப்புச் சட்டியைத் தேய்த்து, வெறுமனே கொடுக்கக் கூடாது என்பதால் வெல்லம் ஓர் உருண்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறோம். அடுத்த முறை போகும்போது பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் வந்து பைகளைப் பிரித்தபோது அவர்களுடைய ஜல்லிக்கரண்டி எங்கள் பாத்திரங்களோடு கலந்து வந்திருந்தது.